மேல்முத்திரை பெற்ற காசுகள்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாணய ஆராய்ச்சி வல்லார் பேச வேண்டிய பொருளில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே எழுத்தன் ஒருவன் வாய் திறப்பதற்குக் காரணம் உண்டு. நாள்தோறும் பிறர் பணத்தை எண்ணுகிற நான், என் வீட்டுக் காசு ஒன்றைப் பார்க்கத் தெரியாமல் பாழாக்கினேன். அப்பிழை உங்கள் இல்லங்களில் நேரலாகாது.

என் பாட்டனார் நெல்லைச் சீமையிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, மிளகுப் பண்டகசாலையில் கணக்கெழுதியவர். அவர் விட்டுச் சென்ற தகரப் பெட்டியில் வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. இருபுறமும் பாரசீக எழுத்து. ஒருபுறம் சிறு தாமரை. எழுத்தைச் சிதைத்துக்கொண்டு ஒன்பது சிறு குறிகள். இருபத்திரண்டு வயதில் எனக்கு அவை அம்மைத் தழும்பாகவே தோன்றின. தட்டாரிடம் கொடுத்து அராவி மெருகிடச் செய்தேன். சில ஆண்டுகள் கழித்து, பழங்காசு திரட்டும் நண்பர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என் கையில் வைத்தார். அதன் பிறகே நான் கேட்டும் படித்தும் அறியலானேன்.

அது ஆற்காட்டு ரூபாய். முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீர் பெயரில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அடித்தது. ஹிஜிரி 1172 என்னும் ஆண்டையே மாற்றாமல் பல்லாண்டு பொறித்து வந்தனர். மேலிருந்த குறிகளோ சராப்புகள் இட்டவை. ஊருக்கு ஒரு ரூபாய் வழங்கிய காலம் அது. எடையும் மாற்றும் பார்த்து, நல்லதென்று கண்டால் சராப்பு தன் குறியைத் தட்டிவிடுவார். மறுமுறை தம்மிடம் வந்தால் மீண்டும் சோதிக்க வேண்டியதில்லை. ஆனால் குறி பெருகப் பெருக, காசு தேய்ந்ததென்று வட்டம் பிடிப்பதும் அவர்களேதாம்! 1835-இல் கம்பெனியார் 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம் எடையில் ஒரே ரூபாயைக் கொண்டுவந்த பின்னரே இத்தொல்லை தணிந்தது.

காசு நோட்டம் பார்ப்பவரைப் பண்டைத் தமிழர் வண்ணக்கன் என்றனர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று சங்கப் புலவர் பெயரிலேயே அத்தொழில் நிற்கிறது.

பிற நாட்டிலும் இது உண்டு. 1797-இல் வெள்ளி முட்டுப்பட்டபோது, இங்கிலாந்து வங்கி ஸ்பானிய டாலரின் மேல் தம் மன்னர் தலையைச் சிறிதாகக் குத்தி வெளியிட்டது. அதையும் கள்ளர் போலி செய்யவே, அவ்வாண்டே திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் 1857 வரை ஸ்பானிய வெள்ளியும் சட்டப்படி செல்லும். அங்கே கடைக்காரர்கள் செப்புக் காசில் தம் பெயரைக் குத்தி விளம்பரம் தேடினர். நியூயார்க் பொற்கொல்லர் எஃப்ரெயிம் பிராஷர், வாஷிங்டனுக்கு அண்டை வீட்டார், தாம் சோதித்த பொற்காசில் தம் பெயரின் முதலெழுத்துகளான ஈ, பி என்னும் இரண்டையும் பதிப்பார். அவரே 1787-இல் அடித்த பொற்காசு ஒன்று, அதே முத்திரையோடு, 2021-இல் தொண்ணூற்று மூன்று லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போயிற்று.

இதற்கு நேர்மாறானது புதுக்கோட்டைக் கருக்காக்குறிச்சியில் 1898-இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகள். பத்தில் ஒன்பதுக்கு மேல், பேரரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு! மறுபடி காசாகச் செல்லாமல் வெறும் பொன்னாகவே நிறுக்கப்படுவதற்கு வெட்டியிருக்கலாம் என்பர். நம் வடக்குப் பரவூரை அடுத்த வள்ளுவள்ளியிலும் 1983-இல் 252 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன.

இனி, முத்திரை மெய்யா பொய்யா என அறிவது எப்படி? உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். ஓங்கிக் குத்தியிருந்தால் குழியைச் சுற்றி உலோகம் சற்றே பிதுங்கும்; மறுபுறம் அதே இடம் தட்டையாகும். குழியினுள்ளும் வெளியிலும் கறுப்பு ஒத்திருத்தல் வேண்டும். தேய்ந்து வழுவழுப்பான காசில் முத்திரை மட்டும் கூர்மையாகப் பளிச்சிட்டால் ஐயுறுக. முத்திரைக்கு முன் காசையே சோதிப்பது இன்னும் நன்று. வார்ப்புப் போலியில் நுண்ணிய துளைகள் தெரியும். எடையும் பெரும்பாலும் ஒவ்வாது.

விலை பற்றி மறைக்க ஒன்றுமில்லை. குத்தியவர் இன்னாரென்று தெரிந்தால் விலை ஏறும்; பெயரறியாச் சராப்புக் குறியானால் குறியற்ற காசைவிடக் குறைத்தே கேட்பர். என் ரூபாய்க்கும் குறிகளால் விலை சிறிது குறைந்திருக்கும். அரம் பட்ட பின்போ, வெள்ளியின் விலைக்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே சகோதரிகளே, பாட்டியின் காசைப் புளியிட்டுத் துலக்காதீர்கள், சாம்பலும் வேண்டா. மண்ணைத் தோண்டுகையில் கிடைத்தால் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசை வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாக அனுப்புவதையும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

அந்த ரூபாயை இன்று கொண்டுவந்துள்ளேன். விளிம்பருகே பிறை போன்ற குறி ஒன்று மட்டும் அரத்துக்குத் தப்பியிருக்கிறது. பழைய கணக்கேடுகளிலோ, வேறு காசிலோ இக்குறியைக் கண்ட பெரியோர் எவரேனும் இங்கிருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை அழைத்துச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.