வைத்தியனும் ஓவியனும்

(வாலாஜாபாத்தில் கூடிய ஆதரவாளர் கூட்டத்தில் நம் மருத்துவமனையின் சார்பில் அளிக்கப்பட்ட செய்தி)



உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் இந்த ஊழியத்தைத் தாங்கி வருகிறீர்கள். அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம்.

நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் வெற்றுச் சுவரில் ஒரு படம் வைக்க விரும்புகிறோம் என்று சென்ற மடலில் எழுதியிருந்தோம். அன்பர் ஒருவர், “மருந்துக்கென்று ஏழை விதவை கொடுக்கும் காசில் சுவருக்குப் படமா?” என்று கேட்டு எழுதினார். நியாயமான கேள்வி. உங்கள் முன்பாகவே அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சுவிசேஷம் எழுதிய லூக்காவை வைத்தியன் என்று பவுல் குறிப்பிடுகிறார். அவர் ஓவியர் என்றும், மரியாளின் உருவத்தை முதலில் வரைந்தவர் என்றும் சபைப் பாரம்பரியம் சொல்லுகிறது. வேதத்தில் அதற்கு ஆதாரமில்லை. ஆனாலும் ஐரோப்பாவில் ஓவியர் சங்கங்கள் பல லூக்காவின் பெயரையே சூட்டிக்கொண்டன. மருந்தும் ஓவியமும் ஒரே கையில் இருக்கலாம் என்று முன்னோர் நினைத்தார்கள்.

நம் வீடுகளில் மாட்டியிருக்கும் இயேசுவின் படத்தை எண்ணிப் பாருங்கள். சிகாகோவில் விளம்பரப் படங்கள் வரைந்த வார்னர் சால்மன் 1940-ல் தீட்டிய படம் அவற்றில் ஒன்று. 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சானது. எத்தனையோ பேர் அதன் முன் ஜெபித்திருக்கிறார்கள். ஆனால் அந்த முகம் வெள்ளைக்காரர் முகம். நமது தெருவில் நடந்துவரும் முகமல்ல.

அந்தக் குறையைத் தீர்க்க உழைத்தவர்களில் ஒருவர் ஆந்திராவைச் சேர்ந்த லுத்தரன் போதகர் டாக்டர் பி. சாலமோன் ராஜ். 1921-ல் பிறந்து 2019-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பர்மிங்ஹாமில் டாக்டர் பட்டம் பெற்றவர். சென்னை குருகுல் இறையியல் கல்லூரியிலும் கற்பித்தவர். விஜயவாடாவில் அவர் நிறுவிய கலை ஆசிரமத்துக்கு லூக்காவின் பெயரையே வைத்தார். அவருடைய மரச்செதுக்கு அச்சுகளிலும் பாத்திக் துணிகளிலும் இயேசு நம் நாட்டு முகச்சாயலோடு, ஏழை எளியவர் நடுவில் நிற்கிறார். பிரசங்க மேடையில் சொன்னதையே அவர் துணியிலும் சொன்னார்.

சாயத்தைப் பற்றி நெசவு ஊரிலே நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பாத்திக்கில் உருக்கிய மெழுகால் துணியில் படம் எழுதிச் சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. வெளிர் நிறத்தில் தொடங்கி, மறுபடி மெழுகிட்டு, மறுபடி தோய்த்து, கடைசியில் கருநிறத்துக்கு வருவார்கள். பிறகு மெழுகை உருக்கி எடுப்பார்கள். இறுகிய மெழுகில் விழும் விரிசல் வழியே சாயம் இறங்கி நரம்புபோல் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளை எவரும் பழுதென்று தள்ளுவதில்லை. அவையே பாத்திக்கின் அடையாளம்.

குழித்தறியில் ஆண்டுக்கணக்காய் உட்கார்ந்து, முழங்காலும் இடுப்பும் ஓய்ந்து, இழை தெரியாமல் கண் மங்கிய பிறகே பலர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். “இனி நான் எதற்கும் உதவாதவன்” என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மாத்திரை கொடுக்கிறோம், கண்ணாடி கொடுக்கிறோம். அந்தச் சொல்லுக்கு மருந்து ஏது? எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் படத்தை வாசிப்பார். தன்னைப்போல் கறுத்த, உழைத்துக் களைத்த முகத்தோடு ஆண்டவர் தன் பக்கத்தில் இருக்கிறார் என்று அவர் காணட்டும். நோயுற்றவரிடத்தில் செய்ததைத் தமக்கே செய்ததாக இயேசு சொன்னதை மத்தேயு 25-ல் வாசிக்கிறோம். அந்த வசனத்தைச் சுவரில் காட்டினால், அது மருத்துவம் செய்கிற எங்களுக்கும் தினமும் புத்தி சொல்லும்.

ஆகவே அன்பருக்கு எங்கள் பதில் இது: மருந்து நிதியில் ஒரு ரூபாயும் தொடமாட்டோம். படத்துக்கென்று தனியாகக் குறிப்பிட்டு வருகிற காணிக்கை மட்டுமே அதற்குச் செலவாகும். வராவிட்டால் சுவர் காத்திருக்கும். நோயாளி காத்திருக்கக் கூடாது. உங்கள் சபையில் வரையத் தெரிந்த வாலிபர் இருந்தால் அனுப்பிவையுங்கள். அந்தத் தாலந்தும் காணிக்கைதான்.

எங்களுக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள். கர்த்தர் உங்கள் கைகளின் கிரியைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.