புகார் மேசையில் தொடங்கும் நட்பு



கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ ஒரு பெண்மணியின் கைப்பை பறிபோகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே கொஞ்சம் பணம், கைப்பேசி, அடையாள அட்டை. வீட்டில் முதலில் எழும் பேச்சு, "போனது போகட்டும், நீ முழுசா வந்தியே, அது போதும்" என்பது. அடுத்த பேச்சு, "ஐ.சி. போயிருச்சே, ரிப்போர்ட் பண்ணாத்தானே புது ஐ.சி. எடுக்க முடியும்?" அதற்காகத்தான் போலீஸ் நிலையத்துக்குக் கிளம்புகிறார்கள். திருடன் பிடிபடுவான் என்ற நம்பிக்கையில் போகிறவர்கள் குறைவு. பதிவு இலாகாவில் காட்ட ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். அடையாள அட்டை மட்டும் அந்தப் பையில் இல்லாதிருந்தால் அந்தக் கொள்ளை எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது. குற்றம் குறைந்துவிட்டது என்று புள்ளிவிவரம் வெளியாகும்போது மக்கள் தமக்குள் சிரித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

போலீசும் மக்களும் கைகோர்த்துக் குற்றத்தைத் தடுப்பதைச் சமூகக் காவல் என்கிறார்கள். மலேசியாவுக்கு இது புதிதல்ல. 1975ஆம் ஆண்டில் அவசரகால விதிகளின் கீழ் ருக்குன் தெத்தாங்கா தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் தாமான்களிலும் கம்பங்களிலும் குடும்பத்து ஆண்கள் முறைவைத்து இரவுக் காவலுக்குப் போக வேண்டும். அது கட்டாயம். கையில் டார்ச் லைட்டும் தடியும், காவல் கொட்டகையில் கோப்பி ஓவும். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று வீட்டுக்காரர்கள் ஒன்றாக விழித்திருந்த இரவுகளை இன்றைய தாத்தாமார்கள் ஆசையோடு நினைவுகூர்வார்கள். திருடன் அகப்பட்டானோ இல்லையோ, பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரிந்தது. 1980களில் ரோந்து பின்னுக்குப் போய், அண்டை வீட்டு நல்லுறவு முன்னுக்கு வந்தது.

அந்த நல்லுறவு எவ்வளவு மெலிந்திருந்தது என்பதை 2001 மார்ச் மாதம் காட்டியது. பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில் கம்போங் மேடான் வட்டாரத்தில் மூண்ட வன்செயலில் 6 பேர் உயிரிழந்தார்கள். பலர் வெட்டுக்காயங்களோடு மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரு திருமண வீட்டுக்கும் ஒரு துக்க வீட்டுக்கும் இடையில் எழுந்த சச்சரவுதான் தொடக்கம். அதற்குப் பிறகு எரிந்தது பெரும்பாலும் வதந்தி. கல்யாண வீட்டாரும் சாவு வீட்டாரும் இருபது வருடம் அறிமுகமான குடும்பங்களாக இருந்திருந்தால், வட்டாரத்துப் போலீஸ்காரரை இருவரும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிலை இருந்திருந்தால், அந்தச் சச்சரவு அன்று மாலையே தீர்ந்திருக்குமா? தீர்ந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பேசித் தீர்க்க ஓர் இடமாவது இருந்திருக்கும்.

இனி 2005ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஒரே ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. தலைநகர்ப் போலீசார் 'ராக்கான் கோப்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். போலீசின் நண்பன் என்று பொருள். பொதுமக்கள் பெயரைப் பதிந்துகொண்டு, கண்ணில் படும் குற்றச் செயல்களைக் கைப்பேசிக் குறுஞ்செய்தி வழி தெரிவிக்கலாம். வழிப்பறி கொடிகட்டிப் பறந்த நேரம் அது. மக்கள் அந்தத் திட்டத்தை வரவேற்றார்கள். அதே ஆண்டில் துன் முகமது சைடின் அப்துல்லா தலைமையிலான அரச விசாரணை ஆணையம் போலீஸ் படையைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. மொத்தம் 125 பரிந்துரைகள். 2000 முதல் 2004 வரை போலீஸ் காவலில் 80 பேர் இறந்ததை அந்த அறிக்கை பதிவு செய்தது. போலீசார் மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சையான ஆணையம் வேண்டும் என்றும் கேட்டது.

ஒரு கை, "எங்களுக்கு நண்பராக வாருங்கள்" என்று அழைக்கிறது. இன்னொரு கையில் நண்பர்கள் ஏன் வரத் தயங்குகிறார்கள் என்பதற்கான பட்டியல் இருக்கிறது. முதல் கைக்கு விளம்பரம் கிடைத்தது, இரண்டாவது கை காத்துக் கிடந்தது. சுயேச்சை ஆணையம் என்று கேட்கப்பட்டது பல வடிவங்களில் தேய்ந்து, கடைசியில் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையமாக 2023 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்தது. இடையில் 18 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஆணையமும் விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். தண்டிக்கும் அதிகாரம் அதன் கையில் இல்லை.

இந்தியச் சமூகத்துக்கு இது வெறும் அரசியல் செய்தி அன்று. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தியர் என்றும் சொன்னது. கேட்ட தாய்மார்களுக்கு நெஞ்சு பதறியது. மகன் இரவில் எங்கே போகிறான், யார் வந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், திடீரென்று கழுத்தில் தங்கச் சங்கிலி எப்படி வந்தது என்பதெல்லாம் முதலில் தெரிவது தாய்க்குத்தான். புக்கிட் அமானில் இருக்கும் எந்த அதிகாரிக்கும் கிடைக்காத தகவல் அது. அந்தத் தாய் போலீஸ் நிலையத்துக்குப் போய், "ஐயா, என் பிள்ளை கெட்ட சகவாசத்தில் விழுந்துவிட்டான், எடுத்துச் சொல்லுங்கள்" என்று கேட்பாளா?

அவள் வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. 2009 ஜனவரியில் 22 வயது குகன் சுபாங் ஜெயா வட்டாரப் போலீஸ் நிலையம் ஒன்றில் காவலில் இருந்தபோது இறந்தார். 2013இல் உயர் நீதிமன்றம் அந்த மரணத்துக்குப் போலீஸ் தரப்பைப் பொறுப்பாக்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தப் பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. பிள்ளையைத் திருத்தப் போய்ப் பிள்ளையையே இழந்துவிடுவோமோ என்ற பயம் அந்தத் தாய்க்கு இருக்கிறது. அந்தப் பயம் போகாதவரை எத்தனை விழா எடுத்தாலும், எத்தனை பலூன் கட்டினாலும், அவளிடம் இருக்கும் தகவல் அவளோடுதான் இருக்கும். 2014இல் போலீஸ் படை குற்றத் தடுப்புக்கும் சமூகப் பாதுகாப்புக்கும் என்றே தனி இலாகா அமைத்தது. நல்ல காரியம். ஆனால் சமூக உறவு ஓர் இலாகாவின் வேலை, லாக்கப் இன்னோர் இலாகாவின் வேலை என்று தாய்மார்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு எல்லாம் ஒரே நீலச் சீருடை.

இந்த உறவு எந்த அளவுக்கு எளிதில் முறியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் அதிகாரி பிரதீப் பிலிப் 'பிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். போலீஸ் என்றாலே விலகிப் போன கிராமத்து இளைஞர்களைக் காவல் நிலையத்துக்குள் அழைத்துவந்த முயற்சி. மாநிலம் முழுவதும் பரவியது, வெளிநாட்டிலும் பாராட்டுப் பெற்றது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் போலீஸ் தாக்குதலுக்கு ஆளாகி இறந்தார்கள். அந்த நிலையத்தில் இந்த நண்பர்கள் சிலருக்கும் பங்கு இருந்தது என்று குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு மறுத்தது. மறுநாள் மறுநாள் என்று கோபம் வளர்ந்ததே தவிர அடங்கவில்லை. ஜூலை மாதம் மாநில அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. 27 வருட உழைப்பு சில வாரங்களில் முடிந்தது. குற்றச்சாட்டு உண்மையா இல்லையா என்று மக்கள் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. போலீசின் நண்பன் யார் பக்கம் நிற்பான் என்ற கேள்விக்கு அவர்கள் ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருந்தார்கள்.

மலேசியாவில் தாமான் ரோந்துக் குழுக்களில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2012ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா சட்டம் வந்த பிறகு தன்னார்வ ரோந்துக்குச் சட்டப்படி இடம் உண்டு. மேலங்கி போட்டவுடன் சிலருக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்துவிடுகிறது, அதுதான் தொல்லை. சாதாரணக் குடிமகன் ஒருவரைப் பிடித்து வைக்க வேண்டுமானால், ஜாமீன் கிடைக்காத, வாரண்ட் இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் அவர் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். பிடித்தவுடன் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். மரத்தில் கட்டிவைத்து அடிப்பதும் அதைக் கைப்பேசியில் படம் பிடிப்பதும் இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் இரவில் நடந்து போவது குற்றமும் அன்று.

பிரிக்பீல்ட்சில் நிலைமை வேறு மாதிரி. யாப் குவான் செங் காலத்துச் செங்கல் சூளைகளால் பெயர் பெற்று, பிறகு இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்த ஊர் அது. குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் பத்து வீட்டில் விளக்கு எரியும். 2001இல் கே.எல். செண்ட்ரல் வந்தது, 2010இல் லிட்டில் இந்தியா என்ற அலங்கார வளைவு வந்தது, பழைய குவார்ட்டர்ஸ் பெரும்பாலும் போய்விட்டது. பகலில் ஆயிரக்கணக்கில் கடந்து போகிறார்கள். இரவில் தங்குகிறவர்களில் எத்தனை பேர் அடுத்த வருடமும் அங்கே இருப்பார்கள்? அண்டை வீட்டார் என்ற சொல்லுக்கே ஆள் தேட வேண்டிய இடத்தில், ரோந்துக் குழு அமைப்பது எப்படி?

ஆனால் நிலையாக அங்கேயே இருப்பவர்களும் உண்டு. கடைக்காரர்கள், கோயில் பூசாரிகள், பூக்கட்டும் அம்மாக்கள். எல்லாரையும்விட முக்கியமாகப் பார்வையற்றவர்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் பல ஆண்டுகளாக அவர்கள் அந்தத் தெருக்களில் நடக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். காலால் உணர்ந்து நடப்பதற்கான மேடுபட்ட ஓடுகள் நடைபாதையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஓட்டின் மேல்தான் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார்கள். "இது மாநகராட்சி வேலை, போலீஸ் வேலை இல்லை" என்று சொல்லிவிடலாம். சொன்னால் தப்பும் இல்லை. ஆனால் ரோந்து போகும் காவலர் அந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தச் சொன்னால், அடுத்த முறை மாநகராட்சிக்கு அவரே ஒரு போன் போட்டால், அந்தத் தெருவில் யாருடைய குரல் புதிது, எந்தக் கடையில் நள்ளிரவில் சத்தம் என்பதை அவருக்குச் சொல்ல ஆள் இருக்கும். சிங்கப்பூர் 1983இல் தோ பாயோவில் முதல் அக்கம்பக்கப் போலீஸ் முனையம் திறந்தபோது, ஜப்பானிய முறையைப் பின்பற்றி, காவலர்கள் வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துகொண்டார்கள். குற்றவாளியைத் தேடிப் போகவில்லை, பேசத்தான் போனார்கள்.

கிள்ளானுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது, போலீஸ் மாவட்டமும் வட கிள்ளான், தென் கிள்ளான் என்று இரண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த வழிப்பறிக்கு இந்தப் பக்க நிலையத்தில் புகார் கொடுத்தால், "அங்கே போங்கள்" என்ற பதில் வருமோ என்று பயந்தே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நேயர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவின்படி, மலேசியாவில் எங்கே நடந்த குற்றமானாலும் அது பற்றிய தகவலை ஏற்றுக்கொள்வது எந்தப் போலீஸ் அதிகாரிக்கும் கடமை. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டவும் வேண்டும்.

புகார் கொடுத்தபின் என்ன ஆயிற்று என்று கேட்க 107ஏ பிரிவு இருக்கிறது. வாரண்ட் இன்றிக் கைது செய்யத்தக்க குற்றமாக இருந்து, புகார் கொடுத்து 4 வாரம் கடந்துவிட்டால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக் கடிதம் கொடுக்கலாம். 2 வாரத்துக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுதலாம். இதே சட்டத்தின் 28ஏ பிரிவு 2007 முதல் நடப்பில் இருக்கிறது. கைதானவரை விசாரிக்கத் தொடங்குமுன், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லலாம் என்று அவரிடம் தெரிவிக்க வேண்டும். சாட்சியம் அழிந்துவிடும், கூட்டாளி தப்பிவிடுவான் என்பது போன்ற நிலையில் மட்டும் விலக்கு உண்டு. சட்டம் தாளில் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். 2009 மே மாதத்தில் பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் நிலையத்தின் முன் மெழுகுவர்த்தி ஏந்தியவர்கள் கைதானார்கள். அவர்களைப் பார்க்க வந்த 5 வழக்கறிஞர்களும் கைதானார்கள். மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணை நடத்தி, அந்த வழக்கறிஞர்களைக் கைது செய்தது மனித உரிமை மீறல் என்றது. சட்டத்தை அறிந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், தோட்டத்திலிருந்து மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்த பாட்டிக்கு யார் துணை?

இங்கேதான் ருக்குன் தெத்தாங்கா குழுவினர் ஒரு வேலை செய்யலாம். செலவில்லாத வேலை. புகார் மலாய் மொழியில் பதிவாகிறது. பாட்டி சொல்வது ஒன்று, தாளில் ஏறுவது இன்னொன்று, அவர் கைநாட்டோ கையெழுத்தோ வைத்துவிட்டு வந்துவிடுகிறார். பிறகு நீதிமன்றத்தில், "நீங்கள் அன்று இப்படிச் சொல்லவில்லையே" என்று கேட்கும்போது விழிக்கிறார். இரவு ரோந்துக்கு வரும் இளைஞர்களில் மலாயும் தமிழும் நன்றாகத் தெரிந்த ஒருவர் பாட்டியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். போலீஸ் புகார்ப் படிவத்திலேயே மொழிபெயர்ப்பாளரின் விவரத்துக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் உடன் வந்தவரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதச் சொல்லலாம். ஆகவே துணைக்குப் போகிறவர் தம்முடைய அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.