குண்டு செல்லும் தூரமும் தர்மமான தூரமும்



இமயமலைச் சாரலில் குமாவுன் பிரதேசத்தில் சம்பாவத் என்று ஓர் ஊர் உண்டு. 1907-ஆம் வருஷத்தில் அவ்வூருக்கு அருகே ஜிம் கார்பெட் என்பவர் ஒரு பெண்புலியைச் சுட்டுக் கொன்றார். நேபாளத்திலும் குமாவுனிலுமாக அப்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அவர்களுள் விறகு பொறுக்கவும், மாடுகளுக்குத் தழை ஒடிக்கவும் காட்டோரம் சென்ற பெண்களும் உண்டு. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்புறத்து மேல் கோரைப்பல் பாதியாக உடைந்தும், கீழ்க் கோரைப்பல் எலும்பு வரையில் முறிந்தும் இருந்தன. அது முன்னொரு காலத்தில் எவரோ சுட்ட குண்டினால் ஏற்பட்ட காயம். அதனால் தனக்கு இயற்கையான இரையைக் கொல்ல இயலாமற்போய், அப்புலி மனிதரைத் தின்னத் தலைப்பட்டது என்று கார்பெட் 1944-ஆம் வருஷத்தில் வெளியான தமது நூலில் எழுதினார்.

சுட்டவன் வீடு திரும்பிவிட்டான். அவன் சுட்ட குண்டின் பலனை அனுபவித்தவர்கள் வேறு ஜனங்கள். ஆகவே, பெரிய மிருகத்தை எவ்வளவு தூரத்திலிருந்து சுடுவது தர்மம் என்னும் கேள்வி வேட்டைக்காரனுடைய சொந்த விஷயம் மட்டுமன்று, ஊராருடைய விஷயமுமாகும்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது விளையாட்டு வேட்டைக்கு இடமில்லை. ஆயினும் அமெரிக்கா, நார்வே முதலிய தேசங்களில் மான் இனங்களை வேட்டையாடுவது சட்டத்துக்குட்பட்டு நடந்து வருகிறது. அங்கே இக்கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை காண்கிறார்கள். அக்கணக்கு நம் சங்க அங்கத்தினருக்குப் புதிதாகத் தோன்றாது.

அமெரிக்க ராணுவம் 1906-இல் ஏற்றுக்கொண்ட .30-06 என்னும் ரைபிள் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட அத்தேசத்தார் பெரிதும் கையாளும் தோட்டாக்களுள் இது ஒன்று. இதன் 180 கிரெயின் எடையுள்ள குண்டு குழாய் வாயை விட்டு வினாடிக்குச் சுமார் 2,700 அடி வேகத்தில் புறப்படுகிறது. அப்போது அதன் வலிமை சுமார் 2,900 அடி-பவுண்டு. அது மைல் கணக்கில் பறக்கவும் கூடும். ஆனால் பறக்கும் தூரம் வேறு, நோவு நீடிக்காமல் கொல்லும் தூரம் வேறு. பின்னதை நிச்சயிக்க மூன்று கணக்குகள் பார்க்கவேண்டும்.

முதலாவது, குண்டின் வலிமை. காற்றைக் கிழித்துச் செல்லச் செல்லக் குண்டின் வேகம் குறைகிறது. எல்க் மானுக்கு 1,500 அடி-பவுண்டு வலிமையாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது வேட்டைக்காரரிடையே வழங்கிவரும் ஒரு விதி. மேற்சொன்ன குண்டுக்கு அவ்வலிமை சுமார் 400 கஜம் வரையில் இருக்கும். அன்றியும், வேட்டைக் குண்டு உடலுக்குள் சென்றதும் முன்புறம் விரிந்து மலரவேண்டும். போதிய வேகமின்றிப் போனால் அது விரியாமல், ஊசி துளைத்தாற்போல் சிறு துவாரமிட்டு வெளியேறிவிடும். மிருகம் பல நாழிகை, சில சமயம் பல நாள் துன்புற்று மறைவில் சாகும்.

இரண்டாவது, குண்டின் தாழ்வும் காற்றின் தள்ளுதலும். 200 கஜத்தில் குறிக்கு நேராகப் படும்படி திருத்தப்பட்ட ரைபிளில், இக்குண்டு 300 கஜத்தில் சுமார் 8 அங்குலமும், 400 கஜத்தில் சுமார் 2 அடியும், 500 கஜத்தில் சுமார் 4 அடியும் தாழ்ந்துவிடும். 350 கஜத்தை 400 கஜம் என்று தவறாக மதித்தால், அத்தவறொன்றே முக்கால் அடி வித்தியாசத்தை உண்டாக்கும். தூரமளக்கும் லேசர் கருவி இத்தவறைப் போக்கும். ஆனால் காற்றை அக்கருவி அளப்பதில்லை. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று 200 கஜத்தில் குண்டைச் சுமார் 3 அங்குலமே ஒதுக்கும். 400 கஜத்திலோ சுமார் ஓர் அடி ஒதுக்கும். மேலும் 400 கஜம் செல்லக் குண்டுக்கு அரை வினாடி பிடிக்கிறது. அந்த அரை வினாடியில் மேய்கிற மான் ஓர் அடி எடுத்து வைத்தால், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் போய்ப் படும்.

மூன்றாவது, சுடுகிறவனுடைய கை. மான் இனத்தின் இருதயமும் நுரையீரலும் அடங்கிய இடத்துக்கு 8 அங்குல அகலமுள்ள தட்டு ஒன்றை அளவாக வைத்துப் பார்ப்பது வழக்கம். எல்க் மானுக்கு அவ்விடம் இதனினும் பெரிதாயினும், சிறிய அளவை வைத்துக்கொள்வதே ஜாக்கிரதை. மேஜைமேல் மணல் மூட்டை வைத்து ரைபிளைச் சாத்திச் சுடுவது பரீக்ஷையாகாது. காட்டில் எப்படி உட்கார்ந்தோ மண்டியிட்டோ சுட நேருமோ, அப்படியே ஐந்து முறை சுடவேண்டும். 200 கஜத்தில் ஐந்தும் தட்டில் பட்டு, 250 கஜத்தில் ஒன்று தவறினால், அவனுக்கு எல்லை 200 கஜமே. மலையேறி மூச்சு வாங்கும்போது அந்த எல்லை இன்னும் சுருங்கும். நார்வேயில் பெரிய மிருகங்களை வேட்டையாட விரும்புகிறவர் வருஷந்தோறும் 100 மீட்டர் தூரத்தில் ஐந்து குண்டுகள் சுட்டுத் தேறவேண்டும் என்பதும், அதற்குமுன் முப்பது குண்டுகளாவது சுட்டுப் பழகவேண்டும் என்பதும் விதி. காயம்பட்டு ஓடிய மிருகத்தைத் தேடுவதற்குப் பழக்கிய நாயையும் முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இம்மூன்று கணக்குகளிலும் எது மிகச் சிறியதோ அதுவே தர்மமான தூரம். தோட்டாவின் வலிமை 400 கஜம் என்றும், அன்றைய காற்றுக்கு 300 கஜம் என்றும், கையின் தேர்ச்சி 200 கஜம் என்றும் ஏற்பட்டால், எல்லை 200 கஜமே ஆகும். மூன்றையும் கூட்டிச் சராசரி பார்ப்பது மூடத்தனம். அதிக வலிமையுள்ள தோட்டாவை வாங்குவதாலும் கையின் எல்லை நீளாது. அதன் உதைப்புக்கு அஞ்சிக் கை நடுங்கினால் எல்லை குறையவும் கூடும்.

சங்கத்தில் கடன் வரம்பு நிச்சயிக்கும் முறையும் இதுவேயன்றோ? மத்திய பாங்கியில் பணம் எவ்வளவு உண்டு என்பது ஒரு கணக்கு. அங்கத்தினருடைய ஆஸ்தியின் மதிப்பு இன்னொரு கணக்கு. மகசூலிலிருந்து அவர் திருப்பிச் செலுத்தக்கூடியது மூன்றாவது கணக்கு. பஞ்சாயத்தார் இவற்றுள் சிறியதையே வரம்பாக வைக்கிறார்கள். பெரியதைப் பார்த்துக் கடன் கொடுத்தால், தவணை தப்பிய பாரம் ஜாமீன் நின்றவர் தலையில் விழும். வரையறையற்ற பொறுப்புள்ள பழைய கிராம சங்கங்களில் அது ஊரார் எல்லோர் தலையிலும் விழுந்தது. குமாவுனில் ஒரு குண்டின் கடனைத் தீர்த்தவர்களும், அதில் கையெழுத்திடாத ஏழை ஜனங்களே.

எல்லைக்கு அப்பால் மிருகம் நின்றால் செய்யத்தக்கவை இரண்டே. மறைவாகவும் காற்றின் எதிர்முகமாகவும் நடந்து தூரத்தைக் குறைப்பது ஒன்று. சுடாமல் திரும்புவது மற்றொன்று. சுடாமல் திரும்பியவனுக்கு ஒரு நாள் வீணாகலாம். காயப்படுத்தி விட்டுத் திரும்பியவன் செய்த தீங்கோ எத்தனை நாள் நீடிக்கும், எவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்பதை அவனே அறியான். தன் எல்லையை அறிந்து, அதற்கு ஒரு முழம் இப்பாலேயே நிற்பவன்தான் துப்பாக்கிக்கும் தகுதியுள்ளவன், கடனுக்கும் தகுதியுள்ளவன் என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்துவார்களாக.