அரக்குத் தட்டில் வாழும் குரல்கள்



பாட்டு என்பது கடையிலே விலைகொடுத்து வாங்கக்கூடிய பண்டம் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் எவராவது சொல்லியிருந்தால் நம் முன்னோர் சிரித்திருப்பார்கள். பாடகரை அழைக்கலாம், தாம்பூலம் வைத்துக் கொடுக்கலாம், பொன்னாடை போர்த்தலாம். பாடி முடிந்ததும் பாட்டுக் காற்றோடு போய்விடும். அதைக் கடதாசி உறையிலே போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், வேண்டியபோதெல்லாம் கேட்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது இசைத்தட்டு. அந்தத் தட்டுகளை விற்ற கடைகளைப் பற்றியும், தேடித் தேடி வாங்கியவர்களைப் பற்றியும் இன்று சிறிது நேரம் கதைக்கலாம் என்று எண்ணுகிறேன்.

இலக்கிய நிகழ்ச்சியிலே இதற்கென்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். ஏட்டுச் சுவடிகளைத் தேடி உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்த கதையைப் பேச இங்கு இடமுண்டு. குரல் பதிந்த சுவடிகளைத் தேடி அலைந்தவர்களுக்கும் இடம் இருக்கத்தானே வேண்டும்?

சுவடி பனையோலையால் ஆனது. பழைய இசைத்தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கினால். மரக்கிளைகளில் மொய்க்கும் ஒரு சிறு பூச்சி சுரக்கின்ற அதே அரக்குத்தான். பாண்டவர்களை எரிப்பதற்காகத் துரியோதனன் மாளிகை கட்டுவித்தது எந்தப் பொருளினாலோ, அதனுடன் கற்பொடியும் கரியும் கலந்து அழுத்தித்தான் நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் அந்தத் தட்டுகளைச் செய்தார்கள். உலகத்துக்கு வேண்டிய அரக்கின் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது. நம் காட்டு அரக்கு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய், நம்மவர் குரலைச் சுமந்துகொண்டு திரும்பி வந்து நம்மிடமே விலைக்கு விற்கப்பட்டது என்றால் அது மிகையாகாது.

1902 ஆம் ஆண்டு நவம்பரிலே பிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவுசெய்தார். பதிவுகள் ஜேர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு அங்கே தட்டுகளாக அச்சிடப்பட்டன. அங்குள்ள தொழிலாளருக்கு எந்தப் பாட்டு யாருடையது என்று எப்படித் தெரியும்? ஆகவே பாடி முடித்தவுடன் பாடகியே தம் பெயரை ஆங்கிலத்தில் உரத்துச் சொல்லிவிடுவார். தொழிற்சாலையின் வசதிக்காக ஏற்பட்ட வழக்கம் இது. ஆயினும் தேவாரம் படித்த நமக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதிப் பாட்டிலே தம் பெயரைப் பொறித்து வைக்கவில்லையா? திருக்கடைக்காப்பு என்று நாம் போற்றுவதை ஹனோவர் தொழிற்சாலை தன்னையறியாமலே மீண்டும் உண்டாக்கிவிட்டது.

தமிழ்நாட்டுக் கடைகளைப் பற்றிச் சொல்வதானால் சென்னையிலிருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். காரைக்குடியிலே தந்தையார் நடத்திய கடையில் கிராமபோன் தட்டுகள் விற்றுப் பழகிய இளைஞர் ஒருவர், விற்பதோடு நின்றுவிடாமல் தாமே தட்டுகளை வெளியிட வேண்டும் என்ற எண்ணத்துடன் சென்னைக்கு வந்து, கூட்டாளிகளுடன் சேர்ந்து 1930களின் தொடக்கத்தில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஓடியன் என்ற ஜேர்மன் முத்திரையுடன் அவர்களுடைய தட்டுகள் வெளிவந்தன. அந்த இளைஞர்தான் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார். 1935 இல் அவர் தயாரித்த முதற்படம் ‘அல்லி அர்ஜுனா’. பிற்காலத்தில் ஏவிஎம் என்று தமிழுலகம் முழுவதும் அறிந்த படநிறுவனம் ஓர் இசைத்தட்டுக் கடையின் மேசைக்குப் பின்னால் பிறந்தது என்பதைச் சினிமா வரலாறு எழுதுவோர் இரண்டு வரியில் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எந்தப் பாட்டு விலைபோகும், எந்தக் குரலுக்கு மக்கள் காசு கொடுப்பார்கள் என்ற பாடத்தை அவர் கற்றது கடையிலேதான். அந்தப் பாடம் தமிழ்ப் படங்களுக்கு நன்மையும் செய்தது, தீமையும் செய்தது.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் ஓடும். மணிக்கணக்கில் இராகம் பாடிப் பழகிய வித்துவான்கள் அதற்குள் ஒரு கீர்த்தனையை அடக்க வேண்டியிருந்தது. சில வேளைகளில் பல்லவியும் அனுபல்லவியும் ஒரு பக்கம். தட்டைத் திருப்பி ஊசியையும் மாற்றிய பிறகு சரணம். சங்கீதம் சுருங்கிப் போயிற்று என்று குறைப்படுவோர் இன்றும் உள்ளனர். நான் அந்தக் கட்சியில் இல்லை. ஏழு சீருக்குள்ளே ஓர் உலகத்தை வைக்கத் தெரிந்த மொழியிலே பிறந்தவர்கள் நாம். மூன்று நிமிடம் என்பது தளையாக இருந்தது போலவே யாப்பாகவும் இருந்தது. வீண் நிரவலும் வீண் பிருகாவும் கழிந்துபோய், இராகத்தின் உயிர்நிலை மட்டும் எஞ்சிய தட்டுகள் எத்தனையோ உண்டு.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் தட்டுக்குப் பாட முன்வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி போன்றவர்கள். எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926 இல் வெளிவந்தபோது அவருக்குப் பத்து வயது. இசை மரபிலே பிறந்த இந்தப் பெண்களிற் பலரைத் தம் வீட்டு வாயிற்படி ஏற விடாத கனவான்கள், அவர்களுடைய குரலை மட்டும் உறையிலே போட்டு வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். கடைக்காரன் வாங்குபவரின் குலம் கேட்பதில்லை. பாடியவரின் குலமும் கேட்பதில்லை. சபைகள் செய்யத் தயங்கியதைச் சந்தை செய்துவிட்டது.

கடையிலே தட்டைக் கேட்டுப் பார்த்து வாங்குவது ஒரு தனிக் கலை. லண்டன் ஒக்ஸ்போர்ட் வீதியிலே நாய் முத்திரை நிறுவனத்தார் தமது பெரிய கடையை 1921 இல் திறந்தபோது, திறந்து வைத்தவர் புகழ்பெற்ற இசைமேதை எட்வர்ட் எல்கார். வாடிக்கையாளர் தனித்தனியே இருந்து கேட்பதற்கென்று அங்கே சிறு அறைகளும் அமைந்தன. நம் பக்கத்துக் கடைகளில் அந்த ஆடம்பரம் ஏது? கடைக்காரர் தட்டைச் சுழல விடுவார். ஊமத்தம்பூப் போன்ற குழலிலிருந்து எழும் பாட்டை வாங்க வந்தவரும் கேட்பார், தெருவிலே போனவரும் நின்று கேட்பார். ஆங்கிலேயர் தனியறையில் இருந்து கேட்டதை நாம் கூட்டமாக நின்று கேட்டோம். கச்சேரிக்குச் சீட்டு வாங்க முடியாதவனுக்கு அந்தத் தெருவோரமே சபையாக இருந்தது.

பழைய தட்டுகளுக்கு வேறொரு சந்தை இருந்தது. சென்னை சென்ட்ரல் புகையிரத நிலையத்தின் அருகே 1900 இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டை நம் மூத்த எழுத்தாளர் பலர் அறிவர். பழைய புத்தகத்துக்குப் புகழ்பெற்ற அந்தச் சந்தையில் பழைய இசைத்தட்டுகளும் குவிந்து கிடந்தன. 1985 மே மாத இறுதியில் அது தீப்பற்றி எரிந்தது. அரக்கு நெருப்பைத் தாங்கும் பொருளன்று. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தைத் தீக்குக் கொடுத்த நமக்கு, அங்கே எது போயிருக்கும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கருத்தரங்கின் பொருட்டுச் சென்னை சென்றிருந்தபோது, பழைய பொருள் விற்கும் சிறு கடையொன்றிலே அரைநாள் செலவிட்டேன். கடைக்காரர் எழுபது வயது மதிக்கத்தக்கவர். நான் தட்டை எடுத்த விதத்தைக் கண்டு, “சார், ஓரத்துல புடிங்க. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. வரியெல்லாம் சாம்பலா தெரிஞ்சா ஊசி தின்ன தட்டு” என்றார். பிறகு விரல் முட்டியால் மெல்லத் தட்டிக் காட்டினார். நல்ல தட்டு கணீரென்கிறது. மயிரிழை வெடிப்பு இருந்தாலும் சத்தம் செத்துப் போகிறது. “சட்டி பானை வாங்குற மாதிரிதான் சார்” என்றார். மேலொட்டிய சீட்டுக் கிழிந்து போனாலும் கவலையில்லை என்றும், நடுவிலே வரிகள் முடியுமிடத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தைக் கொண்டு பாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்றும் சொல்லித் தந்தார். பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியர்களிடம் நான் கண்ட அதே நிதானம் அவரிடம் இருந்தது.

அந்தக் குவியலிலே ஓர் உறை கிடைத்தது. மங்கிப் போன இறப்பர் முத்திரையில் ‘கொழும்பு’ என்ற சொல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே இருந்ததோ தெலுங்குத் தட்டு. உறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். “சிலோன்லேர்ந்து வந்தவங்க வித்துட்டுப் போனது சார். அந்தக் காலத்துல நெறைய வரும்” என்றார். 1964 ஒப்பந்தத்தின்படி கப்பலேறிய மலையகத்தவரோ, 1983 இன் பின் படகேறியவரோ, யாரோ ஒருவர் ஓடுகின்ற ஓட்டத்திலும் கைதவறினால் உடைந்துவிடும் ஒரு பொருளைக் கடல் கடந்து கொண்டுசென்றிருக்கிறார். விற்கும்போது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! உறையை மட்டும் தருவீர்களா என்றேன். “உறைக்கு எதுக்கு சார் காசு? எடுத்துக்குங்க” என்று தந்துவிட்டார்.

நான் உண்மையில் தேடிச் சென்றது கிட்டப்பாவை. செங்கோட்டையிலே பிறந்து, மேடையிலே தமிழ்நாட்டை ஆண்டு, 1933 டிசம்பரில் இருபத்தேழாவது வயதிலே மறைந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. தமிழ் பேசும்படம் 1931 இலேயே வந்துவிட்ட போதிலும் அவர் திரையிலே தோன்றவில்லை. அவர் பாடினார் என்பதற்கு இன்று நம்மிடமுள்ள சாட்சி இசைத்தட்டுகள் மட்டுமே. அவரும் கே. பி. சுந்தராம்பாளும் முதலிற் சந்தித்தது 1926 இல், இந்த இலங்கை மண்ணிலே நாடகம் நடிக்க வந்தபோதுதான். அவர் பாடிய ‘எவரனி’ என்ற தியாகராஜ கீர்த்தனையின் பதிவைக் கேட்டவர்கள் அறிவர்: கீறல் சத்தம் மழைபோற் பொழிகிறது, அதன் நடுவே அந்தக் குரல் நனையாமல் எழுகிறது. அரசோ சபையோ அதைக் காப்பாற்றித் தரவில்லை. எங்கோ ஒரு கடையிலே காசு கொடுத்து வாங்கிப் பெட்டியிலே பூட்டி வைத்த பெயர் தெரியாத ரசிகர்களும், பின்னாளில் அவற்றைப் பல்லாயிரக்கணக்கிலே சேர்த்த வி. ஏ. கே. ரங்காராவ் போன்றவர்களுமே காப்பாற்றித் தந்தார்கள்.

வானொலியிலே பேசிக்கொண்டு வானொலியை மறக்கலாகாது. 1952 இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கி வைத்தபோது, இலங்கை வானொலி தன் தட்டுகளைச் சுழல விட்டது. அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கிய பினாக்கா கீத்மாலாவில் அமீன் சயானி பாடல்களை வரிசைப்படுத்தினார். நேயர் கடிதங்களோடு, நாளடைவில் இந்திய இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கும் அந்த வரிசையைத் தீர்மானித்தது. எங்கோ ஒரு கடையின் கணக்குப் புத்தகத்திலிருந்து கொழும்பு ஒலிபரப்பு நிலையத்துக்கு ஒரு கண்ணுக்குத் தெரியாத கம்பி ஓடிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்திலே 1980களில் றெக்கோடிங் பார்கள் பெருகின. பாட்டுகளைத் தாளிலே வரிசையாக எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் தம்மிடமுள்ள நீண்டநேர இசைத்தட்டுகளிலிருந்து ஒலிநாடாவிலே பதிந்து தருவார். தட்டு கடையிலேயே இருக்கும். பாட்டு மட்டும் வீட்டுக்குப் போகும். 1990 இன் பின் மின்சாரம் இல்லாமற் போக, சைக்கிள் டைனமோவைச் சுற்றி அந்த நாடாக்களைக் கேட்டோம். 1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, ஒலிநாடா சட்டைப் பைக்குள் அடங்கியது. இசைத்தட்டு அடங்கவில்லை. திரும்பி வந்தபோது கூரையே இல்லாத வீட்டிலே தட்டு எங்கே இருக்கப் போகிறது?

இப்போது மேல்நாடுகளில் தட்டுக்கு மறுபடி யோகம் அடித்திருக்கிறது. 2022 இல் அமெரிக்காவிலே 4 கோடியே 10 இலட்சம் வினைல் தட்டுகள் விற்பனையாயின. குறுந்தட்டுகள் 3 கோடியே 30 இலட்சம்தான். 1987 இன் பின்னர் எண்ணிக்கையிலே குறுந்தட்டை வினைல் முந்தியது அதுவே முதற்தடவை. மூடப்பட்டிருந்த ஒக்ஸ்போர்ட் வீதிக் கடை 2023 நவம்பரிலே மீண்டும் திறக்கப்பட்டது. இளையராஜாவின் 1980களின் எக்கோ முத்திரைத் தட்டுகளைத் தேடி வாங்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அதில் ஓரளவு பகட்டும் உண்டு; இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவர்கள் தேடுவது வினைலை, அரக்கை அல்ல. 78 தட்டைச் சுழற்றும் பொறி அவர்களிற் பெரும்பாலோரிடம் இல்லை.

மைக்கேல் கின்னியர் என்ற அவுஸ்திரேலியர் இந்தியாவின் முதல் இசைத்தட்டுகளை இலக்கம் இலக்கமாக அட்டவணைப்படுத்தி 1994 இல் ஒரு நூல் வெளியிட்டார். அத்தகைய அட்டவணைகளைப் புரட்டினால், பதிவு செய்த ஊர் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும், இலக்கமும் இருக்கும். அவற்றுட் பல தட்டுகளை இன்று கேட்டவர் எவருமில்லை.