கழுத்து ஸ்கேனில் 'நாட்யூல்' என்று வந்தால்... பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



வேறு எதற்கோ கழுத்தில் ஸ்கேன் எடுத்திருப்போம். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வரும். அதில் 'தைராய்டு நாட்யூல்' என்று ஒரு வரி. உடனே கூகுளில் தேடுவோம். கொஞ்சம் படிப்பதற்குள் 'புற்றுநோய்' என்ற சொல் வந்து நிற்கும். அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. அதில் வரும் சின்னக் கட்டிதான் நாட்யூல். மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தால், 100 பெண்களில் சுமார் 5 பேருக்கும், 100 ஆண்களில் ஒருவருக்கும்தான் தட்டுப்படும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தால்? அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 100 பேரில் 19 முதல் 68 பேர் வரை இருக்கலாம். சில மில்லிமீட்டர் கட்டியைக்கூட ஸ்கேன் காட்டிவிடும் என்பதால்தான் இவ்வளவு வித்தியாசம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இது அதிகம். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை.

அப்போ எல்லோரும் ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கலாமே என்று கேட்பீங்க. தென்கொரியாவில் அப்படித்தான் நடந்தது. பலரும் தைராய்டு ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். 1993-க்கும் 2011-க்கும் இடையில் அங்கே தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 15 மடங்கு கூடியது. ஆனால் அந்த நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. தொந்தரவே தராத கட்டிகளுக்கும் ஆபரேஷன் நடந்தது. சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடணும்.

வெள்ளிமலை பக்கத்திலிருந்து மலையிறங்கி கள்ளக்குறிச்சிக்கு ஒரு தடவை வந்து போனாலே ஒரு நாள் கூலி போய்விடும். தேவையில்லாத பயத்துக்காக அந்த அலைச்சல் வேண்டாம். தேவை இருந்தால் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ரிப்போர்ட்டில் நாட்யூல் என்று வந்தால் என்ன செய்யணும்?

1. ரிப்போர்ட்டோடு முதலில் மருத்துவரைப் பாருங்க. மலைப்பகுதி மக்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம்.

2. டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை தேவைப்படும். சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று அது சொல்லும்.

3. ஊசி மூலம் செல் எடுத்துப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. கட்டியின் அளவையும் ஸ்கேனில் தெரியும் தோற்றத்தையும் வைத்து மருத்துவர் முடிவு செய்வார். பெரும்பாலும் 1 சென்டிமீட்டருக்குக் குறைவானவற்றுக்கு ஊசி தேவைப்படாது. 'ஆறு மாசம் கழிச்சு வாங்க' என்றோ 'ஒரு வருஷம் கழிச்சு வாங்க' என்றோ சொன்னால், அந்தத் தேதியை செல்போனில் ரிமைண்டராகப் போட்டு வையுங்க.

கட்டி வேகமாக வளர்ந்தாலும், குரல் கரகரப்பு நீடித்தாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தாலும், கழுத்தின் பக்கவாட்டில் கட்டி தெரிந்தாலும் காத்திருக்காதீங்க. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்க. சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வாங்க.

இன்னொரு விஷயம், உப்பு. அயோடின் குறைவும் தைராய்டு கட்டிக்கு ஒரு காரணம். பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் சின்னம் இருக்கிறதா என்று பார்த்து, அயோடின் கலந்த உப்பாக வாங்குங்க. மூடிய டப்பாவில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்க.

சந்தேகம் வந்தால் கூகுளுக்குப் பதிலாக 104-க்குப் போன் பண்ணுங்க.