கோழிக் கொண்டை வெளுத்தால் குடிசைக்கும் எச்சரிக்கை

(கப்பலூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்பத்தில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் நமக்கு என்ன நஷ்டம்? ஆலைக்காரருக்குச் சம்பளம் போகிறது. நடவுக்குப் போகும் பெண்ணுக்குக் கூலி போகிறது. மருந்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது. ஆகவே, நோய் வருமுன்பே சேதி சொல்லும் காவலாள் நமக்கு வேண்டும். அப்படி ஒரு காவலாள் நம் பஞ்சாரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் கோழி!

சிரிக்காதீர்கள். விஞ்ஞானம் சொல்வதைத்தான் சொல்கிறேன்.

1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற இராணுவ டாக்டர், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். அந்தக் கொசுக்கள் கடிக்கத் தன் உடம்பைக் கொடுத்தவர் ஹுசேன் கான் என்ற நோயாளி. ஒரு கொசுவுக்கு ஒரு அணா கூலி! 1898-ல் கல்கத்தாவில் ராஸ் பறவைகளை வைத்து ஆராய்ந்தார். நோயுள்ள குருவியைக் கடித்த கொசு, நல்ல குருவிக்கு நோயைக் கொடுத்தது. கொசுக்கடியால் மலேரியா பரவும் வழி முழுவதும் அப்படித்தான் துலங்கியது. 1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹுசேன் கானுக்குக் கிடைத்தது சில அணாக்கள்!

கோழிக்கும் தனியாக ஒரு மலேரியா உண்டு. அதன் கிருமியை 1935-ல் பிரெஞ்சு விஞ்ஞானி புரும்ப்ட் விவரித்தார். அதை எந்தக் கொசு சுமக்கிறது? 1965-ல் இலங்கை ஆராய்ச்சியாளர்கள் விடை சொன்னார்கள்: மான்சோனியா இனக் கொசு. இந்த இனத்தின் புழு, ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து மூச்சு வாங்குகிறது. இதே இனத்தைச் சேர்ந்த வேறு கொசுக்கள்தாம் கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் மனிதருக்கு யானைக்கால் நோயைப் பரப்பின.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கோழியின் மலேரியா மனிதருக்கு வராது; நம் மலேரியா கோழிக்குப் போகாது. ஆனால் கொசுவுக்கு வாசல் வேறுபாடு கிடையாது. கோழியைக் கொசு நோய் தாக்குகிறது என்றால், ஊரில் கொசு பெருகிவிட்டது என்று பொருள். அதுதான் காவலாள் போடும் கூச்சல்.

கோழி மட்டுமல்ல. மதுரையிலிருந்து இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் கடலூர் மாவட்டக் கிராமங்களில் ஆடுகளின் இரத்தத்தைப் பரிசோதித்து, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் நடமாடுவதைக் கண்டறிந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் கூண்டுக்கோழிகளை ஆங்காங்கே நிறுத்தி, குறித்த நாட்களில் இரத்தம் எடுத்துக் கொசு பரப்பும் வைரஸ்களைக் கண்காணித்திருக்கிறார்கள்.

நாம் செய்யவேண்டியது என்ன? கொண்டை வெளுத்து, இறகைத் தொங்கவிட்டுக் கோழி சோர்ந்தால், "கோழிச் சீக்கு" என்று அறுத்துத் தின்றோ, தூக்கி எறிந்தோ விடாதீர்கள். பச்சைக் கழிச்சல் ராணிக்கெட் நோயிலும் வரும்; கண்ணால் பார்த்து முடிவுகட்ட முடியாது. கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் இருந்தால் அவருக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

ஆனால் காவலாள் கத்தினால் போதுமா? கேட்கிற காது வேண்டாமா? 1934–35-ல் இலங்கையில் மலேரியா சுமார் 80,000 பேரைக் கொன்றது. பட்டினியால் மெலிந்த கிராமங்கள்தாம் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க உள்ளிட்ட சூரியமல் இயக்கத்து இடதுசாரிகள் மருந்தும் உணவும் சுமந்து அக்கிராமங்களுக்குப் போனார்கள். அதே இலங்கை, காய்ச்சல்காரரைத் தேடிப்போய் இரத்தம் பரிசோதிக்கும் சுகாதார அமைப்பைக் கட்டியது. 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பின் சான்று பெற்றது. மந்திரத்தால் அல்ல, மக்கள் பணத்தை மக்கள் உயிருக்குச் செலவிட்டதால்!

எனவே நாம் கேட்பது இவைதாம்: கண்மாய், ஊருணிகளில் மண்டிய ஆகாயத்தாமரையை வேரோடு அகற்ற வேண்டும், அதைச் செய்பவர்களுக்கு முழுக்கூலி தர வேண்டும். ஆலைக் கழிவுநீர் குடியிருப்புகளில் தேங்கக்கூடாது. கால்நடை டாக்டருக்குத் தெரிந்த சேதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே போக வேண்டும்.

கோழி தன் வேலையைச் செய்கிறது. சர்க்காரைத் தன் வேலையைச் செய்ய வைப்பது நம் சங்கத்தின் வேலை. ஒன்றுபட்டுக் கேட்போம், தோழர்களே!