நீரில் தெரியும் நம் தோட்டம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பேசுவார்கள். ஒழுக்கத்தின் உயர்வைப் பேசுவார்கள். எனக்கு முன் பேசியவர்கள் அவற்றை அழகாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு படத்தைப் பற்றிப் பேசுகிறேன். இலையுதிர் காலத்து விடியற்காலையில், அலையில்லாத நீரில் தலைகீழாகத் தெரியும் மரங்களை எப்படிப் படம் பிடிப்பது? ஏன் பிடிக்க வேண்டும்? இதுதான் என் பேச்சு.

"இலையுதிர் காலமா? அது ஜப்பானிலும் கனடாவிலும் அல்லவா வரும்! நம்ம கோல சிலாங்கூரில் ஏதுங்க?" என்று பிள்ளைகள் கேட்கலாம். சுவர்க் காலண்டரில் தொங்கும் வெளிநாட்டு ஏரியையும் சிவந்த மரங்களையும் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் இங்கே அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். "பால் மரம் எலை கொட்டுற காலம் தெரியாதா?" என்று சிரிப்பார்கள்.

ஆம், ரப்பர் மரம் ஆண்டுதோறும் இலை உதிர்க்கும் மரம். குளிர்நாட்டு மரங்கள் பகல் குறைந்து குளிர் கூடும்போது உதிர்க்கின்றன. நம் ரப்பர் மரமோ மழை குறையும் மாதங்களில், ஜனவரி முதல் மார்ச் வரையில், நீரைச் சிக்கனம் செய்வதற்காக உதிர்க்கிறது. இலையிலுள்ள பச்சையம் சிதையும்போது மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது, செந்நிறமும் சேர்கிறது. பிறகு செம்பு நிறத்தில் தளிர் வருகிறது. 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்பார்கள். அந்த மாதங்களில் ரப்பர் காட்டுப் பக்கம் நின்றால் அக்கரையும் சிவப்பு, அதன் நிழல் விழும் தண்ணீரும் சிவப்பு!

இவ்வளவு அழகை அந்தக் காலத்தில் ஏன் யாரும் படம் எடுக்கவில்லை? காரணம் இருக்கிறது. இலை கொட்டித் தளிர் விடும்போது மரத்தில் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும். மரம் சிவந்து நின்ற மாதம், வீட்டில் அடுப்பு அடங்கிய மாதம். விடியுமுன் பிரட்டுக்குப் போய், வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்க ஓடியவர்களுக்கு நின்று பார்க்க நேரமேது? கையில் வெட்டுக் கத்தி இருந்தது, கேமரா இல்லை.

மாணவர்களே, இந்த மரத்தின் கதையையும் சற்றுக் கேளுங்கள். 1876-ல் ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். 1877-ல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோல கங்சாரில் நடப்பட்டன. அந்தச் சின்னத் தொடக்கம் பின்னாளில் பல்லாயிரம் ஏக்கர் காடாகி, நம் முன்னோரைக் கப்பலேற்றி இங்கே கொண்டு வந்து சேர்த்தது.

இன்று அந்த ரப்பர் காடு எங்கே? ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். இதிலும் நம் வட்டாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இந்நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனையை முதன்முதலில் நட்ட இடம் பத்தாங் பெர்ஜுந்தை அருகிலுள்ள தென்னமரம் தோட்டம். ஆண்டு 1917. நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-ல் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் பரிசு கிடைத்தது. பெயரோ தென்னமரம், வளர்ந்ததோ செம்பனை! செம்பனை ஆண்டு முழுவதும் பச்சை. ரப்பர் போனபோது நம் இலையுதிர் காலமும் கூடவே போய்விட்டது. சிறுதோட்டங்களில் நிற்கும் ரப்பர் மரங்களில்தான் அதை இனிப் பார்க்க வேண்டும்.

சரி, மரம் இருக்கிறது, ஏரி எங்கே? அதற்கும் குறைவில்லை. 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றிப் பழைய ஈய லம்பக் குட்டைகள் பல உள்ளன. ஒரு காலத்தில் பெரிய ஈயக் கப்பல்கள் மிதந்து மண்ணைத் தோண்டிய இடங்கள் அவை. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. ஈயத் தொழில் நசிந்தது. தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்றது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். லம்பக் குட்டையின் கரை இளகிய மணல். இரண்டடி வைத்தால் ஆழம். தம்பி தங்கைகளே, பெரியவர் துணையில்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது. துணையோடு போனாலும் கரையிலிருந்து தள்ளியே நிற்க வேண்டும். எந்தப் படமும் உங்கள் உயிருக்கு ஈடாகாது.

குட்டையே வேண்டுமென்பதும் இல்லை. மழை பெய்த மறுநாள் திடலில் தேங்கிய தண்ணீர் போதும். சசாரான் கரையிலிருந்து படகேறி, 'வானக் கண்ணாடி' என்று கடலுக்குள் இருக்கும் மணல் திட்டைப் பார்க்க எங்கிருந்தோ வருகிறார்களே, அங்கே என்ன இருக்கிறது? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும்போது மணல்மேல் நிற்கும் மெல்லிய தண்ணீர்தான். அது வானத்தைக் காட்டுகிறது. நம் திடல் தண்ணீர் நம் வீட்டைக் காட்டும்.

இனி, படம் எடுக்கும் முறை. கைப்பேசி போதும்.

முதலாவது, நேரம். பிப்ரவரி, மார்ச்சில் நமக்குச் சூரியன் உதிப்பது காலை ஏழரை மணியை ஒட்டி. அதற்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். இரவில் காற்று அடங்கியிருக்கும். தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானால் காற்று கிளம்பும், சிற்றலை வந்துவிடும்.

இரண்டாவது, நிற்கும் விதம். குனிந்து, கைப்பேசியைத் தாழ்வாகப் பிடியுங்கள். உயரத்திலிருந்து பார்த்தால் தண்ணீரின் அடிதான் தெரியும். தாழ்ந்து பார்த்தால் பிம்பம் பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது, வெளிச்சம். லென்சைத் துணியால் துடையுங்கள். பிளாஷ் வேண்டாம். திரையில் தண்ணீரைத் தொடாமல் மரத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். சிவப்பு வெளுத்துப் போகாது. நீரில் தெரியும் மரம் நிஜ மரத்தைவிடக் கொஞ்சம் இருண்டே இருக்கும். அது இயற்கை, பிழையல்ல.

நான்காவது, பொறுமை. மீன் ஒன்று துள்ளினால் பிம்பம் கலையும். கல்லை எறிந்து தண்ணீரை அதட்ட முடியாது. அது தானாக அடங்கும் வரை நிற்க வேண்டும். படிப்புக்கும் இந்தப் பழக்கம் உதவும்.

பெற்றோர்களே, இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் வீடுகளில் என்னென்ன படங்கள் உண்டு? கல்யாணப் படம் உண்டு. ஸ்டூடியோவில் நாற்காலி போட்டு எடுத்த படம் உண்டு. ஆனால் பாட்டி தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டிய படம் எத்தனை வீட்டில் இருக்கிறது? நாம் பிறந்த லயத்தின் படம்? தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்பிருந்த ஆலமரத்தின் படம்? தோட்டம் துண்டாடப்பட்டு, சனங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போன பிறகு, "நாங்க இங்கதாம்ப்பா இருந்தோம்" என்று விரலை நீட்டிக் காட்ட இடம்கூட இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு. தண்ணீர் எதையும் வைத்துக்கொள்வதில்லை. மரம் போனால் அதன் நிழலும் போய்விடும். படம் ஒன்றுதான் வைத்துக்கொள்ளும்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, இந்த ஆண்டு ஒவ்வொருவரும் ஒரு படம் எடுங்கள். மரமோ, லயமோ, கோயிலோ, பால் வெட்டிய தாத்தாவின் கையோ, எதுவாகவும் இருக்கட்டும். கைப்பேசியிலேயே விட்டுவிடாமல் அச்சடித்து, பின்புறத்தில் இடம், தேதி, படத்தில் இருப்பவர் பெயர் ஆகியவற்றைத் தமிழில் எழுதுங்கள். எழுதும்போது தாத்தா பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத பாடம் கிடைக்கும். தலைமையாசிரியர் அவர்கள் அப்படங்களுக்குப் பள்ளி நூலகத்தில் ஓர் ஆல்பம் ஒதுக்கித் தர வேண்டுமென்று இந்த அவையில் கேட்டுக்கொள்கிறேன்.

கோப்பை பெறும் பிள்ளைகளுக்கு என் பாராட்டுகள். கோப்பை பெறாத பிள்ளைகளே, மனம் தளராதீர்கள். இலை கொட்டிய மரம்தான் தளிர் விடுகிறது.